வலைப்பக்க லே-அவுட் திட்டமிடலின் வரலாறு

வலைப்பக்க லே-அவுட் திட்டமிடல் என்பது, ஓர் இணையதளத்தின் பக்கங்களில் தலைப்பு, பட்டி, கட்டுரை, படம், பொத்தான், படிவம் ஆகியவை எந்த இடத்தில், எந்த அளவில், எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் பணியாகும். இதற்காகக் காகிதத்திலோ கணினியிலோ உருவாக்கப்படும் வரைவு பொதுவாக மாதிரி எனப்படுகிறது. கட்டி முடித்த தளத்தை மாற்றுவதைவிட மாதிரியை மாற்றுவது மலிவு என்பதே இப்பணிக்கான அடிப்படைக் காரணம்.

வீட்டு வரைபடத்துக்கும் வலைப்பக்க மாதிரிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வீடு கட்டப்பட்டபின் அதன் அளவு மாறுவதில்லை. வலைப்பக்கமோ ஒவ்வொரு வாசகரின் திரையிலும் புதிதாக உருவாகிறது. திரையின் அகலம், எழுத்துரு, உலாவி, வாசகர் தேர்ந்தெடுத்த எழுத்தளவு ஆகியவற்றுக்கு ஏற்ப அதன் தோற்றம் மாறுகிறது. அசையும் ஒன்றை அசையாத வரைவால் எப்படித் திட்டமிடுவது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் முன்வைக்கப்பட்டன. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த விடைகளின் வரலாறாகும்.

மாதிரியின் வகைகள்

இன்று வழக்கிலுள்ள மாதிரிகளை நான்காகப் பிரிக்கலாம்.

- கைவரைவு: பென்சிலால் சில நிமிடங்களில் வரையப்படும் சிறு படம். பல யோசனைகளை ஒப்பிட்டு, வேண்டாதவற்றைக் கழிக்க உதவுவது.
- வயர்பிரேம்: நிறமும் அலங்காரமும் இன்றி, கோடுகளும் பெட்டிகளும் மட்டும் கொண்டு பக்கத்தின் உறுப்புகளைக் காட்டும் சட்டகம். முப்பரிமாணக் கணினி வரைகலையில் ஒரு பொருளின் விளிம்புகளை மட்டும் காட்டும் படத்துக்கு வழங்கிய பெயரே இதற்கும் வந்தது.
- மாக்கப்: நிறம், எழுத்துரு, படம் எல்லாம் சேர்ந்து, முடிந்த பக்கம் போலவே தோன்றும் அசையாத படம்.
- முன்மாதிரி: பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வருவது போன்ற செயல்களைப் பயனர் செய்து பார்க்கக்கூடிய வரைவு. இது காகிதத்தாலும் ஆகலாம், நிரலாலும் ஆகலாம்.

இவை ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய படிநிலைகள் என்று பாடநூல்கள் கூறினாலும், நடைமுறையில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தே வந்துள்ளது.

அச்சுத்தொழிலின் மரபு

வலைப்பக்கத்தைத் திட்டமிடும் பழக்கம் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. செய்தித்தாள் அலுவலகங்களில் எந்தச் செய்தி எத்தனை பத்தி அகலத்தில், விளம்பரம் எந்த மூலையில் என்று தாளில் கோடிட்டுக் காட்டும் டம்மி வழக்கத்தில் இருந்தது. அச்சுக்கோத்த எழுத்துப் படிகளை வெட்டி, மெழுகு அல்லது பசையால் அட்டையில் ஒட்டிப் பக்கம் அமைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர்கள் பக்கத்தைச் சம இடைவெளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, எழுத்தையும் படத்தையும் அக்கட்டங்களுக்குள் ஒழுங்குபடுத்தும் முறையை வளர்த்தெடுத்தனர். அவர்களுள் ஒருவரான யோசப் முல்லர்-புரோக்மன் 1981இல் வெளியிட்ட கட்டமைப்பு முறை பற்றிய நூல் பின்னாளில் வலை வடிவமைப்பாளர்களுக்கும் கையேடானது.

1985இல் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள் ஒட்டு வேலையைத் திரைக்குக் கொண்டுவந்தது. திரையில் காண்பதே தாளில் வரும் என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியது. தாளின் அளவு மாறாது என்பதால் அச்சில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை. வலையில் அதே நம்பிக்கை தொல்லையாக மாறியது.

மாதிரியை யார் செய்வது என்ற கேள்விக்கும் அச்சுத்தொழிலே ஒரு முன்னோடி விடையைத் தந்தது. 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவிய நாடுகளில் உட்டோப்பியா என்ற ஆய்வுத் திட்டம் நடந்தது. செய்தித்தாள் பக்கங்களை அமைக்கும் கணினி முறைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை, அச்சுத் தொழிலாளர் சங்கங்களின் பங்கேற்புடன் ஆராய்ச்சியாளர்கள் வகுத்தனர். வேண்டிய கருவிகள் இன்னும் கைக்கு எட்டாதவை என்பதால் அட்டைப்பெட்டிகளையே கருவிகளாகப் பாவித்தனர். வெறும் பெட்டி ஒன்றின் மேல் லேசர் அச்சுப்பொறி என்று எழுதிவைத்து, அது இருப்பதாகக் கொண்டு தொழிலாளர்கள் தங்கள் வேலையைச் செய்து பார்த்தனர். கணினி தெரியாதவரும் அட்டையை மாற்றி வைக்க முடியும். எனவே கருவியைப் பயன்படுத்தப் போகிறவரே அதன் வடிவத்தில் கருத்துச் சொல்ல இயன்றது. பெல்லே ஏன், மார்ட்டன் குங் ஆகியோர் இந்த அனுபவத்தைப் பின்னர் எழுத்தில் பதிவு செய்தனர்.

தோற்றத்தைத் தீர்மானிப்பவர் யார்?

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் சேர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த வலை, 1991இல் பொதுமக்களுக்கு அறிமுகமானது. அதன் எச்டிஎம்எல் மொழி, எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்பதை மட்டும் குறித்தது. தலைப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை உலாவியும் வாசகரும் தீர்மானித்தனர். ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. அக்காலப் பக்கங்களுக்கு மாதிரி வரைய வேண்டிய தேவையும் இல்லை.

1993இல் வெளிவந்த மொசைக் உலாவி, எழுத்துடன் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. வணிக நிறுவனங்களும் பத்திரிகைகளும் வலைக்கு வந்தன. தங்கள் விளம்பரச் சிற்றேடு போலவே தளமும் தோன்ற வேண்டும் என்று அவை விரும்பின. பக்கத்தை உருவாக்குபவர் தோற்றத்தைச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1994 அக்டோபரில் ஹாக்கோன் வியும் லீ பாணித்தாள் முறையை முன்மொழிந்தார். உருவாக்குபவரின் விருப்பமும் வாசகரின் விருப்பமும் அடுக்காகச் சேர்ந்து இறுதித் தோற்றத்தை முடிவு செய்யும் என்பது அதன் கருத்து. சிஎஸ்எஸ் எனப்படும் அந்த முறையின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் உலாவிகள் அதைச் சரிவர ஆதரிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் வேறொரு முறை வேரூன்றிவிட்டது.

படத்தை வெட்டி ஒட்டிய காலம்

எண்களையும் விவரங்களையும் காட்டுவதற்காக எச்டிஎம்எல்-இல் சேர்க்கப்பட்ட அட்டவணை, 1990களின் நடுவில் பக்கத்தையே அமைக்கும் கருவியாக மாறியது. கோடு தெரியாத அட்டவணையின் அறைகளுக்குள் பட்டி, கட்டுரை, படம் ஆகியவற்றை வைத்து அவற்றைப் பக்கம் பக்கமாக நிறுத்தினர். இடைவெளி விட, ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை வேண்டிய அளவுக்கு இழுத்துப் பயன்படுத்தினர். டேவிட் சீகல் 1996இல் வெளியிட்ட கிரியேட்டிங் கில்லர் வெப்சைட்ஸ் என்ற நூல் இந்த உத்திகளைப் பரவலாக்கியது. அடுத்த ஆண்டே, வலை பாழாகிவிட்டது, அதைப் பாழாக்கியது தாமே என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் கட்டுரை எழுதினார். எழுத்தின் பொருளையும் தோற்றத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்பதே அவரது புதிய நிலைப்பாடு.

இக்காலத்தில் திட்டமிடலின் மையக் கருவியாக அடோபி போட்டோஷாப் விளங்கியது. 1990இல் புகைப்படத் திருத்தத்துக்காக வெளிவந்த அம்மென்பொருளில் 1994இல் அடுக்கு வசதி சேர்ந்தது. பின்னணி ஓர் அடுக்கு, பொத்தான் இன்னோர் அடுக்கு என வைத்து முழுப்பக்கத்தையும் படமாக வரைய முடிந்தது. வேலை நடந்த விதம் பெரும்பாலும் இதுதான்: வடிவமைப்பாளர் முகப்புப் பக்கத்துக்கு இரண்டு மூன்று படங்களை வரைவார், வாடிக்கையாளர் அவற்றுள் ஒன்றை ஏற்பார், ஏற்கப்பட்ட படம் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு அட்டவணை அறைகளில் பொருத்தப்படும். வெட்டும் வேலைக்கென்றே மேக்ரோமீடியா நிறுவனத்தின் பயர்வொர்க்ஸ் 1998இல் வந்தது. மறு ஆண்டு போட்டோஷாப்புடன் இமேஜ்ரெடி மென்பொருளும் இணைத்து விற்கப்பட்டது.

படத்துக்கு ஓர் அளவு வேண்டும். 800க்கு 600 பிக்சல் திரை பரவலாக இருந்தபோது, உருள்பட்டைக்கும் விளிம்புக்கும் இடம் விட்டு ஏறத்தாழ 760 பிக்சல் அகலத்தில் வரைந்தனர். 1024 பிக்சல் திரை பொதுவானபின் 960 பிக்சல் வழக்கமாயிற்று. அந்த எண் 12 ஆலும் 16 ஆலும் மீதியின்றி வகுபடும் என்பதால் பத்திகள் பிரிக்க வசதியாக இருந்தது. நேதன் ஸ்மித் 2008இல் வெளியிட்ட 960 கட்ட முறை இதையே ஆயத்த வார்ப்பாக்கியது.

இந்த முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. வரைபடம் படிக்கத் தெரியாத வாடிக்கையாளரும் படத்தைப் பார்த்து முடிவு சொல்லலாம். ஆனால் ஒப்புதல் பெற்ற படம் நாளடைவில் ஒப்பந்தம் போலக் கருதப்பட்டது. வெவ்வேறு உலாவிகளிலும் ஒரு பிக்சல்கூட விலகாமல் அதே தோற்றம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதற்காகத் தலைப்புகள்கூடப் படமாகவே வைக்கப்பட்டன. மாற்று எழுத்து எழுதப்படாத படத்திலுள்ள சொற்களைத் திரைவாசிப்பான் படிக்காது. கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கினால் அட்டவணை சிதைந்தது. வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 மே மாதம் வெளியிட்ட அணுகுதன்மை வழிகாட்டுதல்கள், பக்க அமைப்புக்குப் பாணித்தாளைப் பயன்படுத்துமாறு வலியுறுத்தின. படத்தில் ஒழுங்காகத் தோன்றிய பக்கம் யாருக்குப் பயன்படவில்லை என்பதை அந்தப் படம் காட்டாது. இம்முறையின் ஆழமான குறை அதுவே.

வயர்பிரேமும் காகித முன்மாதிரியும்

தளங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களாகப் பெருகியபோது, முகப்பின் அழகைவிட உள்ளடக்கத்தை வகைப்படுத்துவது பெரிய சிக்கலாயிற்று. லூயி ரோசன்பெல்ட், பீட்டர் மார்வில் ஆகியோர் 1998இல் எழுதிய தகவல் கட்டமைப்பு நூல் இதைத் தனித்துறையாக நிலைநிறுத்தியது. ஜெசி ஜேம்ஸ் காரெட் 2000இல் ஒரு விளக்கப்படத்தையும் 2002இல் அதை விரித்து ஒரு நூலையும் வெளியிட்டார். தளத்தின் நோக்கம், உள்ளடக்க எல்லை, கட்டமைப்பு, சட்டகம், புறத்தோற்றம் என ஐந்து தளங்களாக அவர் வேலையைப் பிரித்தார். வயர்பிரேம் நான்காவது தளத்துக்கு உரியது. நிறமும் எழுத்துருவும் அதன்பின்னரே வருபவை.

வயர்பிரேம் வெறுமையாக இருப்பது வேண்டுமென்றே செய்யப்படுவது. வண்ணப்படத்தைக் காட்டினால் பேச்சு நீலமா பச்சையா என்று திரும்பிவிடும். கோடுகளை மட்டும் காட்டினால், தேடல் பெட்டி தேவையா, விலை முதலில் வர வேண்டுமா என்பவை பேசப்படும். 2003இல் வந்த ஆக்ஷூர், 2008இல் வந்த பால்சமிக் ஆகியவை இவ்வேலைக்கெனப் பிறந்த மென்பொருள்கள். பால்சமிக்கில் எல்லா உறுப்புகளும் கையால் கிறுக்கியவை போலத் தோன்றும். முடிவாகாத ஒன்று முடிந்தது போலத் தெரிந்தால் பார்ப்பவர் குறை சொல்லத் தயங்குவர் என்பதால் அத்தோற்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

காகித முன்மாதிரி இன்னும் எளியது. ஒவ்வொரு திரையும் தனித்தாளில் வரையப்படும். சோதனைக்கு வந்தவர் பொத்தான் இருக்கும் இடத்தை விரலால் தொடுவார். குழுவில் ஒருவர் கணினியின் வேடம் ஏற்று, வாய் பேசாமல் அடுத்த தாளை எடுத்து வைப்பார். மற்றொருவர் சோதனையை நடத்துவார். மீதிப் பேர் பயனர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்வர். கரோலின் ஸ்னைடரின் 2003ஆம் ஆண்டு நூல் இம்முறையை விரிவாக விளக்குகிறது. சொற்குழப்பத்தையும் விடுபட்ட படிகளையும் இது எளிதில் வெளிப்படுத்தும். பக்கம் திறக்க ஆகும் நேரம், உருட்டுவதன் சிரமம் போன்றவற்றைக் காட்டாது.

படத்தைக் கைவிட்டவர்கள்

2000 ஏப்ரலில் ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப், அ லிஸ்ட் அபார்ட் இதழில் எ டாவோ ஆஃப் வெப் டிசைன் என்ற கட்டுரையை எழுதினார். அச்சுப் பக்கத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை வலையிலும் எதிர்பார்ப்பது ஒரு பழைய ஊடகத்தின் பழக்கம். வலையின் நெகிழ்வு குறையன்று, அதன் இயல்பு என்பது அதன் சாரம். அன்று அது சிறுபான்மைக் கருத்தாக இருந்தது.

2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளம், எச்டிஎம்எல்-இல் ஓர் எழுத்தும் மாறாமல் பாணித்தாளை மட்டும் மாற்றி, ஒரே உள்ளடக்கத்துக்குப் பற்பல தோற்றங்கள் தரமுடியும் என்று காட்டியது. அட்டவணை அமைப்பின் செல்வாக்கு அதன்பின் குறையத் தொடங்கியது. சிகாகோவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2006இல் வெளியிட்ட கெட்டிங் ரியல் நூலில், காகிதக் கிறுக்கலிலிருந்து நேரே எச்டிஎம்எல் திரைக்குச் செல்லும் வழியைப் பரிந்துரைத்தது. போட்டோஷாப் படத்தைச் சொடுக்க முடியாது, அதில் தட்டச்சு செய்ய முடியாது, நிரல் எழுதும்போது அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும் என்பவை இவ்வழியை ஏற்றவர்கள் சொன்ன காரணங்கள்.

உலாவியிலேயே வடிவமைத்தல் எனப்பட்ட இம்முறைக்கு எதிர்ப்பும் இருந்தது. நிரலில் எளிதாக வருவதையே கை நாடும். எல்லாத் தளங்களும் பெட்டிகளின் அடுக்காக ஒன்றுபோலாகும் என்றனர் எதிர்த்தவர்கள். படம் கற்பனைக்கு இடம் தருகிறது, உலாவி உண்மையைக் காட்டுகிறது என்ற இந்த வாதம் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

பல திரைகளும் நெகிழ் வடிவமைப்பும்

2007இல் ஐபோன் வெளிவந்தபின் நிலைமை மாறியது. கைபேசியின் சிறுதிரையில் முழுத் தளங்களும் திறக்கப்பட்டன. கணினிக்கு ஒரு தளம், கைபேசிக்குத் தனித்தளம் எனச் சில நிறுவனங்கள் இரண்டாகப் பராமரித்தன. லூக் ரோப்லெவ்ஸ்கி 2009 முதல், சிறுதிரைக்கு முதலில் திட்டமிட்டுப் பின்பு பெருந்திரைக்கு விரிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். சிறுதிரையில் எல்லாவற்றுக்கும் இடம் இராது. ஆகவே எது முக்கியம் என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும்.

2010 மே மாதம் ஈத்தன் மார்க்காட், அதே அ லிஸ்ட் அபார்ட் இதழில் நெகிழ் வலை வடிவமைப்பை அறிமுகப்படுத்தினார். ஆல்சாப்பின் கட்டுரையை அவர் தம் கட்டுரையில் குறிப்பிட்டார். விகித அளவுக் கட்டம், சுருங்கி விரியும் படம், திரையின் அகலத்துக்கேற்ப விதியை மாற்றும் ஊடக வினவல் ஆகிய மூன்றும் அவரது முறையின் கூறுகள். இதன் கணக்கு எளியது. 960 பிக்சல் பக்கத்தில் 240 பிக்சல் அகலமுள்ள பக்கப்பத்தி, 240ஐ 960ஆல் வகுத்து 25 விழுக்காடு என எழுதப்படும். பக்கம் சுருங்கினால் பத்தியும் அதே விகிதத்தில் சுருங்கும். 2011இல் இம்முறையில் அமைந்த பாஸ்டன் குளோப் நாளிதழின் தளம், பெரிய தளங்களுக்கும் இது பொருந்தும் என்பதை மெய்ப்பித்தது.

மாக்கப் முறைக்கு இது நேரடிச் சவாலாக அமைந்தது. எந்த அகலத்துக்குப் படம் வரைவது? மூன்று அகலங்களுக்கு வரைந்தாலும் இடைப்பட்ட அகலங்கள் விடுபடும். 20 வகைப் பக்கங்களுக்கு மூன்று மூன்றாக வரைந்தால் 60 படங்கள். ஒரு பொத்தானின் நிறம் மாறினால் அறுபதையும் திருத்த வேண்டும். முன்பு கருத்தாக மட்டும் இருந்த ஆல்சாப்பின் வாதம் இப்போது செலவுக் கணக்காகவும் மாறியது.

பக்கத்திலிருந்து உறுப்புக்கு

பக்கத்தை விடுத்து உறுப்புகளைத் திட்டமிடும் முறைகள் இதனால் தோன்றின. சமந்தா வாரன் 2012இல் முன்வைத்த ஸ்டைல் டைல்ஸ் முறையில், எழுத்துரு, நிறம், பொத்தான், தலைப்பு ஆகியவற்றின் மாதிரிகள் மட்டும் ஓர் அட்டையில் காட்டப்படும். புடைவைக் கடையில் துணித்துண்டுகளைக் காட்டி விருப்பம் கேட்பது போன்றது இது. முழுப்பக்கம் இல்லாததால் இடம் பற்றிய வாக்குறுதியும் இல்லை.

பிராட் பிராஸ்ட் 2013இல் அணு வடிவமைப்பு என்ற கருத்தை விளக்கினார். பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி போன்றவை அணுக்கள்; அவை சேர்ந்த தேடல் படிவம் மூலக்கூறு; மூலக்கூறுகள் கூடிய தலைப்புப் பகுதி உயிரி; பிறகு வார்ப்புரு; கடைசியில் பக்கம். ஓர் உறுப்பை ஒருமுறை திருத்தினால் எல்லாப் பக்கங்களிலும் அது திருந்தும். டுவிட்டர் நிறுவனத்தில் உருவாகி 2011இல் வெளியான பூட்ஸ்டிராப் போன்ற ஆயத்த உறுப்புத் தொகுப்புகள், சிறு குழுக்களுக்கும் இவ்வசதியை இலவசமாகத் தந்தன. பெரிய நிறுவனங்கள் தமக்கென வடிவமைப்பு அமைப்புகளை உருவாக்கிக்கொண்டன.

வரையும் கருவிகளும் மாறின. 2010இல் வந்த ஸ்கெட்ச், புகைப்படத்தை விடுத்துத் திரை வடிவமைப்பை மட்டும் கவனித்தது. 2012இல் டிலன் பீல்ட், இவான் வாலஸ் ஆகியோர் நிறுவிய ஃபிக்மா, 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அது உலாவிக்குள்ளேயே இயங்கியதால் வடிவமைப்பாளரும் நிரலாளரும் எழுத்தாளரும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து பணியாற்ற முடிந்தது. அந்நிறுவனத்தை 2000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி 2022 செப்டம்பரில் அறிவித்தது; ஐரோப்பிய, பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதல் கிடைக்கும் வாய்ப்பு தெரியாததால் 2023 டிசம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இதற்கிடையில் 2017 மார்ச்சில் முதன்மை உலாவிகள் சிஎஸ்எஸ் கிரிட் வசதியை ஏற்றன. முல்லர்-புரோக்மன் தாளில் வகுத்த கட்டங்களை ஒத்த அமைப்பை, இரு திசையிலும் நெகிழும் வடிவில் நேரடியாக எழுத முடிந்தது.

நிரப்பு எழுத்தும் தமிழ்ப் பக்கமும்

மாதிரியில் இடத்தை நிரப்ப வைக்கப்படும் லோரம் இப்சம் என்ற பொருளற்ற எழுத்து, ரோமானியரான சிசரோ கி.மு. 45இல் எழுதிய இலத்தீன் நூலின் சிதைந்த வடிவம். 1960களில் லெட்ராசெட் ஒட்டெழுத்துத் தாள்களின் வழியாகவும் பின்னர் பேஜ்மேக்கர் வழியாகவும் அது பரவியது. பார்ப்பவர் சொல்லைப் படிக்காமல் வடிவத்தைக் கவனிக்க அது உதவும். ஆனால் நிரப்பு எழுத்து எப்போதும் பெட்டிக்குப் பொருந்தும்; உண்மையான தலைப்பு பொருந்தாமல் போகலாம். எனவே உள்ளடக்கத்தை முதலில் எழுதி அதற்கேற்பப் பக்கம் அமைக்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது.

தமிழ்த் தளங்களில் இச்சிக்கல் கூடுதலாகத் தெரியும். ஹோம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு எழுத்து. முதற்பக்கம் என்பதற்கு ஏழு. பங்களிப்பாளர்களுக்கு என்பது போல வேற்றுமை உருபு சேர்ந்து நீளும் சொற்கள், குறுகிய பத்தியில் விளிம்பைத் தாண்டும். கி, கீ ஆகியவற்றின் மேல்வளைவும் கு, மூ ஆகியவற்றின் கீழ்வளைவும் இருப்பதால், இலத்தீன் எழுத்தை வைத்து வரையறுத்த வரி இடைவெளியில் தமிழ் வரிகள் நெருங்கி உரசும். ஆங்கிலச் சொற்களோடு ஒப்புதல் பெற்ற மாக்கப்பில் இவை எதுவும் தெரியா.

ஒருங்குறி பரவும் முன் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. தளங்கள் வெவ்வேறு குறியேற்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தின. வாசகரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் புரியாத குறிகளே தோன்றின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு, தமிழுக்குப் பொதுவான குறியேற்றத்தை முடிவு செய்ய முயன்றது இதனால்தான். வடிவமைப்பாளரின் திரையில் செம்மையாகத் தெரிந்த பக்கம் வாசகரின் திரையில் படிக்கவே இயலாமல் போனது, மாதிரிக்கும் வலைக்கும் உள்ள இடைவெளிக்குத் தக்க சான்று.

மதிப்பீடு

எந்த ஒரு முறையும் மற்றவற்றை முழுமையாக அகற்றிவிடவில்லை. கைவரைவு யோசனைகளைப் பெருக்குகிறது. வயர்பிரேம் முன்னுரிமையைத் தெளிவாக்குகிறது. மாக்கப் தோற்றத்துக்கு உடன்பாடு பெற்றுத் தருகிறது. காகித முன்மாதிரி பயனரின் தடுமாற்றத்தைக் காட்டுகிறது. உலாவி முன்மாதிரி அசைவையும் வேகத்தையும் காட்டுகிறது. ஒவ்வொன்றும் எதை மறைக்கிறது என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பதே திட்டமிடுபவரின் வேலை. ஒரு மாதிரியை வலைப்பக்கத்தின் படமாகக் கருதாமல், அப்பக்கம் பற்றி எழுப்பப்பட்ட ஒரு கேள்வியாகக் கருதும் போக்கு இந்த முப்பது ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. அக்கேள்விக்கான விடை வடிவமைப்பாளரின் திரையில் அன்றி, சிறிய கைபேசியிலும் திரைவாசிப்பானிலும் பெரிதாக்கப்பட்ட எழுத்திலும் பக்கத்தைத் திறக்கும் வாசகரிடமே கிடைக்கிறது.